பூட்டிக் கிடந்த வீட்டுக் கம்ப்யூட்டர்: நாமே பார்ப்பதா, கடைக்குக் கொடுப்பதா?

கானாடுகாத்தான் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் ஐயா வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஐயா இருந்தவரை ஊர்க் கோவில் புள்ளி வரி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் கோவிலுக்குக் கட்டும் வரி) கணக்கு, கல்யாணங்களின் மொய்ப் பட்டியல், பங்காளிகளின் விலாசம், பழைய படங்களை ஸ்கேன் செய்தது என எல்லாவற்றையும் இதில்தான் ஏற்றி வைத்திருந்தார். எங்களிடம் வேறு நகல் இல்லை.

வீடு வருடத்தில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காக இப்போது எல்லோரும் வந்திருக்கிறோம். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. கேபினட்டின் இரும்பில் கை பட்டால் சுள்ளென்று லேசாக ஷாக்கும் அடிக்கிறது. காரைக்குடியில் ஒரு கடைக்குப் போன் செய்து கேட்டேன். “மதர்போர்டு போயிருக்கும். கொண்டு வாங்க, ஃபார்மேட் அடிச்சுப் பார்த்துடலாம்” என்றார்கள். கணக்கு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கடைக்குப் போகும் முன் நாமே என்ன பார்க்கலாம்?

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, முதலில் ஒன்று. டிஸ்க்கில் இருப்பதை நகல் எடுக்கும் வரை யாரையும் ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். டிஸ்ப்ளேயே வராத மெஷினுக்கு ஃபார்மேட் எந்த விதத்தில் மருந்தாகும்? திரையில் எழுத்தே வராதபோது விண்டோஸ் கெட்டிருக்கிறதா நன்றாக இருக்கிறதா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்டதுமே எனக்கு அந்தக் கடைமேல் நம்பிக்கை போய்விட்டது.

தேவகோட்டை சர்வீஸ்

ஆச்சி சொல்வதுதான் சரி. நான் இந்த வேலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வராமல் இருந்தால், மதர்போர்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான். பூட்டிக் கிடந்த வீடுகளிலிருந்து எங்களிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலும் ராம் காண்டாக்ட்டில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து படிந்திருக்கும். அவ்வளவுதான் கோளாறு. அதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், போர்டில் மிச்சம் இருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, முதலில் தூசியைப் பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷால் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். ராமின் இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கி வெளியே எடுத்து, பொன்னிறமாக இருக்கும் காண்டாக்ட்டைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, கிளிப் ‘டக்’கென்று பூட்டும் வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், அப்புறம் மற்றதை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், போர்டில் செருகியிருந்தால் ‘நோ சிக்னல்’தான் வரும்.

அடுத்தது, போர்டில் நாணயம் போல ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று அதிலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். பிளக்கைச் சுவரில் செருகி மெயின் ஸ்விட்சும் போட்டிருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கடிகாரம் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியின் ஸ்டாண்ட்பை கரண்டில் ஓடும். வீட்டைப் பூட்டி மெயினை இறக்கிவிட்டுப் போனால் அந்தச் சின்ன பேட்டரி ஒன்றே எல்லா நாளும் தாங்க வேண்டும். ஆகவே நம் பக்கத்து வீடுகளில் அது சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது இருக்கும். அந்தப் பெட்டி பழுதானால் பெட்டியோடு மாற்றுவதுதான் முறை.

வயரிங் அண்ணன்

எல்லோரும் டிஸ்ப்ளே பற்றிப் பேசுகிறீர்கள். கேபினட்டில் ஷாக் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயம். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

தம்பி, உங்கள் வீட்டில் அந்த பாயின்ட்டுக்கு எர்த் இல்லை, அல்லது குழியில் எர்த் செத்துப்போயிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர் இருக்கும். ஒன்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில். எர்த் ஒழுங்காக இருந்தால் அதில் கசியும் துளிக் கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, 230ல் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுள்ளென்பதோடு முடிகிறது. ஆனால் வேறு ஏதாவது ஒரு சாதனத்தில் ஃபேஸ் வயர் உடம்பில் பட்டால், இதே எர்த் இல்லாத பாயின்ட் ஆளைக் கொல்லும்.

செட்டிநாட்டு வீடுகளில் நான் பார்த்தது: முதல் வயரிங் தேக்குக் கட்டையில் போட்டது, இரண்டு கம்பிதான் ஓடும். பிற்காலத்தில் மூன்று பின் சாக்கெட் மாட்டியிருப்பார்கள், மூன்றாவது ஓட்டைக்குள் வயரே இருக்காது. இன்னும் மோசமான வழக்கம் ஒன்று உண்டு. எர்த் இல்லையென்று சொன்னால் சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். ஷாக் நின்றுவிடும், வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார். என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறி உட்கார்ந்துவிடும். உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறதா என்று சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், வயர்மேனை வைத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் வயர்மேன் வந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 ஒட்டி வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். நியூட்ரல் எர்த் அளவு சுத்தமாகப் பூஜ்யம் என்றால் அந்தத் துண்டு வயரைச் சந்தேகியுங்கள். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. எர்த் சரியாகும் வரை அந்தக் கம்ப்யூட்டரைத் தொடும்போது காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், அதுவும் துடைத்த ஈரத்தில், வெறுங்காலோடு நின்று தொடாதீர்கள்.

கானாடுகாத்தான் பேரன்

மிக்க நன்றி, அண்ணே. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எல்லா வேலையும் செய்தோம். ராமை ரப்பர் போட்டுத் துடைத்து மாட்டியதும் டிஸ்ப்ளே வந்துவிட்டது! வட்ட பேட்டரியும் மாற்றியாயிற்று. ஆனால் தேதி பல வருடம் பின்னால் போய்க் கிடந்தது. அதைச் சரிசெய்து ‘சேவ்’ கொடுத்ததும் விண்டோஸ் லோகோ வந்து, உடனே நீலத் திரை. ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. டிஸ்க் போய்விட்டதா?

தேவகோட்டை சர்வீஸ்

போகவில்லை, பதற வேண்டாம். பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் (விண்டோஸ் ஏறும் முன் போர்டில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகள் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். அந்தக் காலப் போர்டுகள் சிலவற்றில் சாட்டா மோட், அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, ‘ஐடிஇ’ என்று போய் நிற்கும். உங்கள் விண்டோஸ் ‘ஏஹெச்சிஐ’ மோடில் நிறுவப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இதே நீலத் திரைதான்.

ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள், பயாஸ் திறக்கும். சாட்டா கான்ஃபிகரேஷன் என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்று மாற்றி எஃப்10 அழுத்திச் சேவ் செய்யுங்கள். இதற்குத்தான் பல இடங்களில் ‘விண்டோஸ் கரப்ட்’ என்று சொல்லி ஃபார்மேட் போட்டுவிடுகிறார்கள். என் தொழில்தான் என்றாலும் சொல்கிறேன், அது பெரிய அநியாயம்.

கானாடுகாத்தான் பேரன்

ஏஹெச்சிஐ மாற்றியதும் ஐயாவின் டெஸ்க்டாப் அப்படியே திறந்தது. ஆத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொரு விஷயம், அவசரமாகக் கேட்கிறேன். மெஷின் மிகவும் மெதுவாக ஓடுகிறது என்று அண்ணன் இணையத்தில் ‘விண்டோஸ் கஸ்டமர் கேர்’ என்று தேடி ஒரு நம்பருக்குப் பேசினார். அந்த ஆள் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். ஒரு ரிமோட் ஆப்பை இறக்கி, அதில் வரும் எண்ணைச் சொல்லச் சொல்கிறார். சொல்லலாமா?

கோட்டையூர் வாத்தியார்

சொல்லவே கூடாது. உடனே போனை வையுங்கள்.

தேடலில் மேலே வரும் ‘கஸ்டமர் கேர்’ நம்பர்களில் பல போலி. இவர்கள் செய்யும் முறை எல்லா ஊரிலும் ஒன்றுதான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்பை இறக்கச் சொல்வார்கள். அந்த ஆப்கள் நல்லவைதான், கெட்டவர் கையில் எண்ணைக் கொடுத்தால் உங்கள் மௌஸும் கீபோர்டும் அவரிடம் போய்விடும். பிறகு விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்பதைத் திறந்து, அதிலுள்ள சிவப்புப் பிழைக் குறிகளைக் காட்டி வைரஸ் என்பார்கள். எந்த ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் இருக்கும். அடுத்து ‘பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்’ என்று பேங்க் பக்கத்தைத் திறக்க வைப்பார்கள். பணம் போவது அங்கேதான்.

உலாவும்போது திரை முழுதும் சிவப்பாகி, அலாரம் அடித்து, ‘இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று வந்தாலும் அதுவும் இதே கூட்டம். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் போன் நம்பரே இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினால் போதும்.

யாராவது ஏற்கெனவே எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லுங்கள், 1930க்கு அழையுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லி வையுங்கள்.

கம்பெனி உதவி வேண்டுமானால் மெஷினுடன் வந்த பில்லிலோ, கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ உள்ள நம்பர் மட்டும்தான்.

கானாடுகாத்தான் பேரன்

நல்ல வேளை, எண்ணைச் சொல்லும் முன் கேட்டுவிட்டேன். போனை வைத்ததும் அந்த ஆள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பிளாக் செய்துவிட்டோம், ஆப்பையும் நீக்கிவிட்டோம்.

தேவகோட்டை சர்வீஸ்

நல்லது. இப்போது மெஷின் மெதுவாக ஓடுவதற்கு வருவோம். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அதன் உடல்நிலையை முதலில் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளின் எண்ணிக்கை பூஜ்யத்தில் இருந்தால் நிம்மதி. 05 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்கள், சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் விடைபெறத் தயாராகிறது என்று அர்த்தம்.

அந்த நிலையில், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்கைப் போடாதீர்கள். பலவீனமான டிஸ்க்கை முழுவதும் ஓட வைத்தால் நகல் எடுக்கும் முன்பே நின்றுவிடலாம். முதலில் புள்ளி வரிக் கணக்கு, பிறகு மொய்ப் பட்டியல், அப்புறம் படங்கள். திரும்பக் கிடைக்காதது எதுவோ அது முதலில். டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் எதையும் முயலாமல் அணைத்துவிடுங்கள். அது டேட்டா மீட்பவர்களின் வேலை, செலவும் அதிகம்.

விண்டோஸ் திறக்காவிட்டாலும் நகல் எடுக்க வழி உண்டு. விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்தால், டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் உள்ளே இருக்கும் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போடலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாகவும் மாட்டலாம். ஆனால் டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். அதனால் தனி அடாப்டர் உள்ள கேபிளாக வாங்குங்கள். மாட்டியதும் விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் ‘கேன்சல்’.

நகல் எடுத்த பிறகு, சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். அந்த ஐ3க்கு அது ஒன்றே மறுபிறவி. பழைய டிஸ்க் விநாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி படிக்கும், எஸ்எஸ்டி 500 வரை போகும். ராம் கூட்டுவதானால் டிடிஆர்3தான் பொருந்தும், டிடிஆர்4 வாங்கினால் அந்த ஸ்லாட்டில் உட்காராது.

பள்ளத்தூர் ஆச்சி

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். புதிய விண்டோஸ் 11 மெஷின்களில் பல, கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைக்கின்றன. பிட்லாக்கர் என்று பெயர். போர்டு மாற்றினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் அதைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்ரி பக்கம்

யுபிஎஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் பூட்டிய வீட்டில் முதலில் சாவது அதுதான். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்தை அடுத்து வளர்ந்தவர்களுக்கு பேட்டரி பேச்சில் ஆர்வம் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன யுபிஎஸ்களில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் ஈய அமில பேட்டரி. சார்ஜ் ஏறாமல் கிடந்தால் தானாகவே இறங்கும். இறங்கிய நிலையில் தகடுகளில் படியும் ஈய சல்ஃபேட், நாளாக ஆகக் கடினமான படிகமாகிவிடும். அப்புறம் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் கரையாது. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 11க்குக் கீழே கிடந்தது என்றால் மாற்றிவிடுங்கள். ஊருக்குத் திரும்பும்போது முழுச் சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றி வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சில மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் போடச் சொன்னால் பல வருடம் வரும். பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையில் கொடுங்கள், ஈயம் மண்ணுக்கு விஷம்.

கோட்டையூர் வாத்தியார்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தார்கள். மூன்றாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் கேட்கிறது. வழக்கமாக நான் சொல்வது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 4 ஜிபி ராமில் நன்றாக ஓடும். லிப்ரே ஆஃபீஸில் எக்செல் கோப்புகள் திறக்கும்.

தேவகோட்டை சர்வீஸ்

வாத்தியார் சாரோடு இதில் ஒத்துப்போக முடியவில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு இருந்தால் லினக்ஸில் நேராக ஓடாது. பெரியவர்கள் பழகிய ஒன்றை எடுத்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு, கணக்கு பார்க்க மட்டும் பழைய விண்டோஸிலேயே வைக்கலாமே?

கோட்டையூர் வாத்தியார்

நெட் இல்லாமல் வைப்பதானால் சரி, ஏற்கிறேன். ஆனால் பேங்க் வேலை, மெயில் எதையும் அதில் திறக்கக் கூடாது. பென் டிரைவ் வழியாகவும் வைரஸ் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். நெட் வேண்டும் என்றால் மின்ட்தான், இதில் நான் மாறமாட்டேன்.

கானாடுகாத்தான் பேரன்

எங்களுடையது டேலி இல்லை, வேர்டும் எக்செலும்தான். சி5 பூஜ்யம் காட்டியது, முழுவதையும் இரண்டு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டோம். ஆனால் என் லேப்டாப்பில் மொய்ப் பட்டியலைத் திறந்தால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலைந்து தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

பள்ளத்தூர் ஆச்சி

கெடவில்லை. ஐயா பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் தட்டியிருப்பார். அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் உருவத்தை வைத்தார்கள், ஃபான்ட் இல்லாத மெஷினில் அடியில் இருக்கும் ஆங்கிலமே தெரியும். ஐயாவின் கம்ப்யூட்டரில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து அந்த ஃபான்ட்டை எடுத்து உங்கள் லேப்டாப்பில் நிறுவுங்கள். எழுத்து வந்துவிடும். பிறகு யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு நிரந்தரமாக மாற்றிவிடுங்கள், போனில்கூடப் படிக்கலாம், தேடலாம். எந்த ஃபான்ட் என்று தெரியாமல் மாற்றினால் எழுத்துகள் மாறிப்போகும். விலாசமும் தொகையும் உள்ள பட்டியல் என்பதால் ஒரு முறை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிய பிறகும் பழைய கோப்பை அழிக்காதீர்கள்.

எஸ்எஸ்டி போடக் கடைக்குக் கொடுத்தால், உள்ளே இருக்கும் ராம், டிஸ்க் இரண்டின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து, ஜாப் கார்டில் எழுதச் சொல்லி ரசீது வாங்குங்கள். எங்கள் லேப்டாப் ஒரு கடைக்குப் போய் 8 ஜிபி ராமுக்குப் பதில் 4 ஜிபியோடு திரும்பி வந்தது. கையில் எந்தக் காகிதமும் இல்லாததால் கேட்கவே முடியவில்லை. காகிதம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுக்கலாம்.

கானாடுகாத்தான் பேரன்

ஃபான்ட் நிறுவியதும் பெயர்கள் வந்துவிட்டன, ஆச்சி. ஐயா கல்யாணத்து மொய்யைக்கூடப் பழைய நோட்டைப் பார்த்து ஏற்றி வைத்திருக்கிறார்! ஆத்தாவும் அத்தையும் ஒவ்வொரு பெயராக வாசித்து யார் எந்த வீடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நான் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

மின்ட் போடப் போகிறோம். அதற்கு நெட் வேண்டும். ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, கம்ப்யூட்டர் உள்ளே தள்ளி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். அங்கே வைஃபை சுத்தமாக இல்லை.

வயரிங் அண்ணன்

அந்தச் சுவர்களின் கனத்துக்கு வைஃபை வராது தம்பி. ரிப்பீட்டரில் காசு போடாதீர்கள், வராத இடத்தில் அது எதைத் திருப்பி அனுப்பும்? கேட்6 லேன் கேபிள் ஒன்றை உள் முற்றமான வளவின் தாழ்வார ஓரமாக, சுவரைத் துளைக்காமல், கிளிப் போட்டுக் கொண்டு போங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டு நீளத்துக்குத் தாராளம். கரண்ட் வயரோடு ஒட்டி ஓட்டாமல் ஒரு சாண் தள்ளி ஓடட்டும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்க வேண்டும். ஃபைபரில் மின்சாரம் வராது என்பது உண்மைதான், ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக வந்து லேனில் இறங்கிப் போர்டை அடிக்கும்.

எர்த் என்ன ஆயிற்று?

கானாடுகாத்தான் பேரன்

வயர்மேன் வந்து பார்த்தார். நீங்கள் சொன்னது போலவே மூன்றாவது ஓட்டையில் வயரே இல்லை. துண்டு வயரும் இல்லை, அந்த மட்டும் நிம்மதி. புதிதாகக் குழி எடுக்க வேண்டும் என்கிறார். எங்கே எடுக்கலாம்?

வயரிங் அண்ணன்

பின்கட்டில் கிணற்றடியோ, தண்ணீர் வடியும் இடமோ பாருங்கள். கோடையில் நம் செம்மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, ஈரம் நிற்கும் இடம்தான் வேண்டும். சுவர் அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி எடுங்கள். ஜிஐ பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரில் எத்தனை ஓம் வருகிறது என்று அளந்து காட்டச் சொல்லி, அந்த எண்ணை மெயின் போர்டு மூடியிலேயே எழுதி வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.